கப்பல் தாளும் மீன் தொட்டியும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் கடிதம் கொடுத்தாலும் படிப்பதற்கு முன் தாளைத் தடவிப் பார்ப்பேன். மாமனார் வீட்டிலிருந்து ஒருமுறை சாவுச் செய்தி வந்தபோது, விஷயத்தைப் பார்க்காமல் “தாள் பரவாயில்லையே” என்று சொல்லிவிட்டேன். வீட்டில் மூன்று நாள் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அருப்புக்கோட்டையில் பத்திர ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுவது அப்போது என் பிழைப்பு. உலகச் சண்டைக் காலம் முழுவதும் தாளுக்குப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கடையில் கிடைத்ததெல்லாம் பழுப்பாக, வைக்கோல் துணுக்கு தெரிய, மை பட்ட இடத்தில் ஊறிப் பரவுகிற சனியன்கள். ஊர்ப்பட்ட மனுக்களை அதில்தான் எழுதினேன். ஆனால் வீட்டில் தகரப் பெட்டியில், வேப்பிலை போட்டு, மல்துணியில் சுற்றி, எனக்கென்று ஒரு கட்டு வைத்திருந்தேன். சண்டைக்கு முன்பு தூத்துக்குடியில் கடையைக் காலி பண்ணிய ஒருவரிடம் வாங்கியது. பால் நிறம். விரலால் சுண்டினால் ஓசை வரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தாளுக்குள்ளேயே பாய் விரித்த கப்பல் ஒன்று தெரியும். மழையே பெய்யாத ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கப்பலை நான் பார்த்த பார்வையை என் மனைவி கேலி செய்யாத நாள் கிடையாது.

அந்தத் தாளில் நான் பெரும்பாலும் ஒன்றும் எழுதியதில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்துக்கொண்டு, மை வில்லையைக் கரைத்து, புது நிப்பை நாக்கில் ஒருமுறை தொட்டு எண்ணெய்ப் பசை போக்கி, ஒரே ஒரு வரி எழுதிப் பார்ப்பேன். பிறகு நிப்பைத் துடைத்து வைத்துவிடுவேன். அதில் கிடைத்த சந்தோஷத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் என்னிடம் மனு எழுத வருகிறவர்களிடமெல்லாம் ஒன்று சொல்லிக்கொண்டே இருப்பேன்: “மனு நல்ல தாள்ல இருந்தாத்தான் அதிகாரி மேசைக்குப் போகும். மட்டத் தாள்ல எழுதுனா பியூன் அதுல வடை சுத்திட்டுப் போயிருவான்.” வீட்டிலும் இதையே சொல்லுவேன். கல்யாணமான புதிதில் என் மனைவிக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். என் மனுக்களைப் பார்த்து எழுதித்தான் அவள் பழகினாள்.

என்னைப் போல இன்னொரு பைத்தியம் ஊரில் இருந்தது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். வீரசோழன் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர், தனிக்கட்டை. ஒருநாள் மரத்தடிக்கு வந்து நின்று, “அண்ணே, உங்ககிட்ட மை ஒத்துற தாளு இருக்குமா? கொஞ்சம் தடிமனா வேணும்” என்றார். எதற்கு என்று கேட்டேன். கலங்கல் தண்ணீரை வடிகட்ட என்றார். மருந்து வடிகட்டவா என்று கேட்டதற்குக் கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டு, “மீனுக்குண்ணே” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. போய்ப் பார்த்த பிறகு சிரிப்பு போய்விட்டது. கம்பவுண்டர் தன் வீட்டில் கண்ணாடித் தொட்டி ஒன்று செய்துகொண்டிருந்தார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் சட்டம். படம் மாட்டுகிற கடையில் வாங்கிய கண்ணாடி. குங்கிலியத்தையும் சுண்ணாம்பையும் எண்ணெயில் காய்ச்சி, மூலைகளில் பூசியிருந்தார். தண்ணீர் ஊற்றினால் பத்து நிமிஷத்தில் நாலு மூலையும் அழ ஆரம்பிக்கும். அவர் சளைக்காமல் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி காய்ச்சுவார். சாயங்காலம் ஆனால் எனக்கும் அங்கேதான் வேலை என்றாகிவிட்டது. குங்கிலியப் புகையில் இருவருக்கும் கண் சிவந்து கிடக்கும். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, மூலைகளில் விரல் வைத்துப் பார்த்தோம். ஈரம் இல்லை. மறுநாள் பார்த்தோம். அப்போதும் இல்லை. பெரிய மனிதர்கள் இரண்டு பேர் ஒரு தகரச் சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து குதித்தோம் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அன்றைக்கு அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய்க் கப்பல் தாளில் பன்னிரண்டு எண்ணி, மூலையில் பென்சிலால் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு, சிவப்பு நூலால் கட்டிக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தேன். வேறு யாருக்கும் நான் ஒரு தாள்கூடக் கொடுத்ததில்லை; இதைக் கொடுத்ததை வீட்டில்கூடச் சொல்லவில்லை. வாசல் வெளிச்சத்தில் பிடித்து, கப்பலைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி என்று காட்டினேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். “இதுல போயி என்னத்தண்ணே எழுதறது? கை கூசும்” என்றார். பதிலுக்கு மருந்து பாட்டில் ஒன்றைத் தேய்த்து, காற்றுப் புகாத கண்ணாடி மூடி போட்டு எனக்கு மைக்கூடு செய்து கொடுத்தார். மை அதில் ஒரு மாதம் ஆனாலும் உறையவில்லை.

மீன்களைத் திருச்சுழிப் பக்கம் குண்டாற்றுப் பள்ளங்களில் நின்ற தண்ணீரிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்தார். பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஓடிய கரி பஸ்ஸில் மடியில் வாளியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குலுங்கலுக்கும் டிரைவரைத் திட்டிக்கொண்டு வந்தாராம். அயிரை, கெண்டைக் குஞ்சு, தரையோடு ஒட்டிக் கிடக்கும் உளுவை ஒன்று. எல்லாம் குழம்புக்குப் போகிற சாதிதான். கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தால் ராஜ வம்சம் மாதிரி இருந்தன.

ஆனால் தொட்டியைவிட எனக்குப் பிடித்தது அவருடைய காற்று யந்திரம். பரணில் ஒரு பானை. அதிலிருந்து ரப்பர்க் குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக, இறுக மூடிய மருந்து ஜாடிக்குள் விழும். ஜாடி நிறைய நிறைய, உள்ளே இருக்கும் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் இன்னொரு குழாய் வழியாகத் தொட்டியின் அடிக்குப் போய், மூங்கில் சில்லின் துளைகளில் முத்து முத்தாகக் கிளம்பி மேலே வரும். ஜாடி நிறைந்தால் அதே தண்ணீரைப் பானையில் ஊற்றிவிடலாம். ஒரு சொட்டு வீணில்லை. குழாய் ஆஸ்பத்திரியில் வெடிப்பு விட்டதென்று கழித்துப் போட்டது. அதை அவர் ஒட்டுப் போட்டு எடுத்திருந்தார். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் வீட்டில் சோறு தின்றுகொண்டே வாய் ஓயாமல் அளப்பேன். “ஆஸ்பத்திரிக் குழாயை வச்சு என்ன வேலை பண்ணியிருக்காரு தெரியுமா!” என்பேன். என் மனைவி கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றுவாள்.

அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. அதற்கடுத்த வருஷமும் ஏமாற்றியது. கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. நெசவுத் தெருக்களில் பாவுக்குக் கஞ்சி போடத் தண்ணீர் இல்லாமல் தறிகள் நின்றன. நல்ல தண்ணீர்க் கிணறு ஊருக்கு வெளியே ஒன்று. அங்கே வீட்டுக்கு இரண்டு குடம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். என் மனைவி விடியற்காலையில் போய் வரிசையில் குடத்தை வைத்தால், வெயில் ஏறித் தலை காய்ந்த பிறகுதான் வருவாள். அப்போது எங்கள் பெண் குழந்தைக்கு ஒரு வயது ஆகவில்லை.

இனிச் சொல்லப் போவதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. வெயிலில் தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. கம்பவுண்டர் ஒற்றை ஆள். தன் பங்குத் தண்ணீரில் குளிப்பதையே விட்டுவிட்டு மீனுக்கு ஊற்றினார். அதுவும் போதவில்லை. அவர் என்னிடம் கேட்கவில்லை. நானாகத்தான், வாரத்துக்கு ஒரு நாள், என் மனைவி கொண்டுவந்து வைத்த இரண்டு குடத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். மரத்தடியில் மனு எழுத வருகிறவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி அதை நம்பினாள். தாகத்தோடு வருகிறவர்களுக்குத்தானே என்று ஒரு முறை செம்பையும் தேய்த்து வைத்தாள்.

ஒருநாள் குழந்தைக்கு வயிறு கெட்டது. காலையிலிருந்து துணி துணியாக அழுக்கு. அலசத் தண்ணீர் இல்லை. அன்றைக்குப் பார்த்துத்தான் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். என் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தடிக்கு வந்திருக்கிறாள். நானும் இல்லை, குடமும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் யாரோ, “கம்பவுண்டர் வீட்டுக்குப் போயிருக்காக” என்று சொல்லியிருக்கிறார். அவள் அங்கே வந்தபோது நான் குடத்தைச் சாய்த்து, மீன் பயந்துவிடக் கூடாதென்று கையைக் குறுக்கே கொடுத்து, மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அவள் வாசலில் நின்று பார்த்தாள். கம்பவுண்டர்தான் பதறிப்போய், “மதினி, உள்ள வாங்க, பிள்ளைக்கு என்ன?” என்று குழந்தையை வாங்கிப் பார்த்து, மருந்து கலக்கிக் கொடுத்தார். தண்ணீர் யார் வீட்டுத் தண்ணீர் என்று அவருக்கு அதுவரை தெரியாது. நான் எங்கோ சொல்லி வாங்கி வருகிறேன் என்றுதான் நினைத்திருந்தார். குழந்தை இரண்டு நாளில் தேறிவிட்டது. என் மனைவி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் போயிருக்கும். கம்பவுண்டர் மரத்தடிக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. “அண்ணே, என் மேல மேலாபீசுக்கு மொட்டைக் கடுதாசி போயிருக்கு. விசாரிக்கச் சொல்லி டாக்டருக்கு அனுப்பியிருக்காக. நீங்க கூட வாங்க. எழுத்தும் தாளும் பாத்தா உங்களுக்கு யாருன்னு தெரிஞ்சிரும்” என்றார். நானும் பெரிய நிபுணன் மாதிரி அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

டாக்டர் கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். மூன்றடி தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பால் நிறத் தாள். இடப்பக்கம் நாலு விரற்கடை ஓரம் விட்டு, என் மரத்தடி மனுக்களில் நான் விடுகிற மாதிரியே. “கனம் பொருந்திய சமூகத்துக்கு மிகத் தாழ்மையுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்” என்று என் வாசகத்திலேயே ஆரம்பம். ஊரே ஒரு குடத்துக்குத் தவம் கிடக்கும்போது கம்பவுண்டர் மீனுக்குப் பத்துக் குடம் கொட்டுகிறார். நோயாளிகளுக்கு உரிய ரப்பர்க் குழாயை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார் என்று எழுதியிருந்தது. தொட்டி பிடிப்பதே ஐந்து குடம்தான். மனுவில் எதையும் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்ல வேண்டும் என்பதும் நான் கற்றுக்கொடுத்த பாடம். ‘ழ’வின் வாலை மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சுழித்திருந்தது. அந்தச் சுழிப்பை நான் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். அவளுக்குக் கடைசி வரை படியவில்லை.

“தண்ணி விஷயம் ஊர் விஷயம், அதை விடு. குழாய் எடுத்தியா, இல்லையா?” என்று டாக்டர் கேட்டார்.

“எடுத்தேனுங்க. கழிச்சுப் போட்டதுதான்.”

“கழிச்சதுன்னு எழுத்து இருக்கா?”

எழுத்து இல்லை. யாராவது வேண்டாதவர்கள் எழுதியிருக்கலாம், பார் என்று டாக்டர் தாளை அவரிடம் நீட்டினார். கம்பவுண்டர் வாங்கினார். நான் சொல்லிக் கொடுத்தபடியே ஜன்னல் பக்கம் திரும்பி, தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கப்பல் அவர் கண்ணில் பட்டதை நான் பார்த்தேன். பிறகு தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு, “யாருன்னு தெரியலீங்க” என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

அவருக்கு அவமானமாகவும் இருந்திருக்கும், என் மேல் அருவருப்பாகவும் இருந்திருக்கும். ஆனாலும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் எழுதவில்லை என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே யார் என்பது. என் வீட்டுத் தகரப் பெட்டிக்கு இரண்டு பேர்தான் உண்டு. நான் டாக்டர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. அழுதாள்.

“தொட்டியத் தூக்கிப் போடச் சொல்லுவாக, அம்புட்டுத்தான்னு நினைச்சேன். அவரு வேலைக்கு வெனையா வரும்னு எனக்கு என்ன தெரியும்? கொழா சேதிய நீங்கதான் தெனமும் சொன்னீக.”

“அதுக்குன்னு இந்தத் தாளையா எடுப்ப?”

“நல்ல தாள்ல எழுதுனாத்தான் மேசைக்குப் போகும்னு நீங்கதானே சொன்னீக” என்றாள். அதில் குத்தல் இல்லை. மெய்யாகவே அப்படி நம்பித்தான் எடுத்திருக்கிறாள். பேர் போடாத கடிதத்துக்கு ஊரிலேயே சிறந்த தாளை எடுத்தவள் என் வீட்டில்தான் இருக்க முடியும். கொஞ்ச நேரம் கழித்து, “நாந்தான்னு தெரிஞ்சு போச்சா?” என்று கேட்டாள். இல்லை, யாருக்கும் தெரியவில்லை என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குடத்தைத் தூக்கியவன் நான்.

மறுநாள் கம்பவுண்டர் வீட்டுக்குப் போய், குழாய் கழித்துப் போட்டதுதான் என்று என் பேரில் ஒரு மனு எழுதித் தருகிறேன் என்றேன்.

“நீங்க ஒண்ணும் எழுத வேணாம்ணே” என்றார். மரியாதை குறையாமல்தான் சொன்னார். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

பத்து நாளில் மாற்றல் உத்தரவு வந்தது. கடலோரத்தில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரி. வேலை போகவில்லை என்பதே பெரிது என்றார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் மீன்களை, நோயாளிகளுக்கென்று காவல் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கிணற்றில் விட்டார். காற்று யந்திரத்தின் குழாயைக் கழற்றி டாக்டர் மேசையில் வைத்தார். தொட்டித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, குடம் குடமாக அவரே தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார். “மதினி, குடிக்க ஆகாது. பிள்ளை துணி அலச ஆகும்” என்றார். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். நாலரைக் குடம் இருந்தது.

பஸ்ஸுக்கு நான் போனேன். வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்கள். கிளம்ப நேரம் ஆனது. மீன் கிணற்றில் பிழைக்குமா என்று கேட்டேன். பிழைக்கும் என்றார். ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“வேற தாள்ல எழுதியிருக்கலாம்லண்ணே.”

பஸ் பந்தல்குடிப் பக்கம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நான் எழுதவில்லை, நான் எழுதவில்லை என்று வீடு வந்து சேரும் வரை எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். பிறகு எத்தனையோ முறை கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னைக் கழுவிக்கொள்ள வேண்டுமானால் அவளை இழுத்துத்தான் ஆக வேண்டும். ஊராருக்கு மனு எழுதிப் பிழைத்த கைக்கு அந்த ஒரு கடிதம் வசப்படவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பெய்தது. கிணற்றடி வரிசை குறைந்தது. என் மனைவி மட்டும் தேறவில்லை. மீன்காரி தெருவில் கூவினால் உள்ளே போய்விடுவாள். குழந்தைக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவே மாட்டாள். புதுக் கம்பவுண்டர் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பாள். அவர் நம்மை நினைத்துக்கொள்வாரா என்று அவ்வப்போது கேட்பாள். நினைத்துக்கொள்வார் என்பேன்.

தை மாதம் தபாலில் ஒரு கட்டு வந்தது. நான் மரத்தடியில் இருந்ததால் அவள்தான் வாங்கிப் பிரித்திருக்கிறாள். நான் வந்ததும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள். எத்தனையோ மாதம் கழித்து அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

“கம்பவுண்டர் தம்பி அனுப்பியிருக்காரு. பாருங்க, உங்க தாளு மாதிரியே! அந்தக் காட்டுல போயி எங்க தேடிப் பிடிச்சாரோ. உங்க கிறுக்கு தெரிஞ்சவருல்ல!”

சிவப்பு நூல் கட்டியபடியே இருந்தது. கடிதம் ஒன்றும் இல்லை. நான் எண்ணிப் பார்த்தேன். மூலையில் என் பென்சில் இலக்கங்கள், ஒன்று முதல் பன்னிரண்டு வரை, ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன.

“நம்ம மேல அவருக்குப் பிரியம் கொறையலங்க” என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. “எனக்கு இப்பத்தான் மூச்சு வருது.”

“ஆமா” என்றேன்.